யாராவது தடுங்கப்பா!

அரசாங்கத்தைத் தடுத்து நிறுத்தப் பார்த்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஆனால், "என்னைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கப்பா" என்று வீட்டு வாசலில் நின்று கெஞ்சிய அரசாங்கத்தைப் பார்த்தவர்கள் திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரர்களான நாங்கள் மட்டும்தான். அந்த அரசாங்கம் ஐந்தடி உயரம் இருக்கும். தோளில் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கும். மூக்கின் நுனியில் ஒரு கண்ணாடி, இதோ விழப்போகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டே இருக்கும்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே 'அமீனா சார்'. முதுகுக்குப் பின்னால் 'தடுங்கப்பா'.

அமீனா என்றால் கோர்ட் ஊழியர். காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு வந்தும் காலி செய்யாதவர்கள் வீட்டுக்கு வாரண்டோடு போய், பூட்டை உடைத்து, சாமான்களைத் தெருவில் எடுத்து வைத்து, வீட்டை உரியவரிடம் ஒப்படைக்கிற வேலை. அதற்கு ஆறடியில், அரிவாள் மீசையோடு ஒருவரை எடுத்திருக்கலாம். எங்கள் ஆளுக்கோ, தெருவில் கிடக்கும் தலையணையைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும்.

"எண்ணெக் கறை படிஞ்ச தலகாணி நம்ம வூட்லயும்தான் கீது நைனா. ஆனா அது உள்ளாற கீது. அத்த இட்டாந்து வெயில்ல போட்டு ஊரே பாக்க வைக்கிறது இன்னா பொழப்பு?" என்பார்.

நான் ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் காகிதம் பார்க்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். அவரும் நானும் காலையில் ஒரே பஸ். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நகராமல் நிற்கும் நேரங்களில்தான் அவர் தன் தொழில் ரகசியத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ரகசியம் இதுதான். வாரண்டோடு போன இடத்தில் யாராவது குறுக்கே நின்று தடுத்தால், 'தடை ஏற்பட்டது' என்று எழுதி வாரண்டைக் கோர்ட்டிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டு உரிமையாளர் மறுபடி மனுப் போட்டு, மறுபடி உத்தரவு வாங்கி, மறுபடி இவரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள், உள்ளே இருப்பவர்கள் மூச்சு விட்டு, வேறு வீடு தேடி, தாங்களாகவே போய்விடுவார்கள். தலையணை தெருவுக்கு வராது.

ஆகவே, வாசலில் நின்று வாரண்டை எட்டு ஊருக்குக் கேட்கும்படி படிப்பார். படித்து முடித்ததும் குரல் சட்டென்று இறங்கும். "யாராவது தடுங்கப்பா..."

அதிலும் அவர் ஒரு டைரக்டர் மாதிரி. "கத்து. நல்லா கத்து. குறுக்க வந்து நில்லு. ஆனா கை மட்டும் வெக்காத. கை வெச்சா வேற செக்‌ஷன், உள்ள பூடுவ. இப்போ சட்டத்துல நம்பரெல்லாம் மாத்திட்டானுங்கோ. ஆனா நம்பர் மாறினாலும் ஜெயிலு புழல்லதான் கீது."

சிக்கல் என்னவென்றால், நம் ஜனங்களுக்கு அரசாங்கத்தைத் தடுக்கத் தெரியாது. ராயபுரத்தில் ஒரு வயதான தம்பதி வாரண்டைக் கேட்டதும், "வாங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க" என்று நாற்காலி போட்டார்கள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "பெரியவரே, கொஞ்சம் கோவப்படுங்க" என்றிருக்கிறார்.

"ஒங்க மேல எனக்கு இன்னா சார் கோவம்? நீங்க ஒங்க டூட்டி பாக்கறீங்க."

"டூட்டிய பாக்க வுடாதய்யா! அதான் சொல்றேன்!"

"அய்ய, அது தப்பாச்சே சார்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பீரோவின் ஒரு பக்கத்தைத் தானே தூக்க ஆரம்பித்துவிட்டாராம். கடைசியில் அமீனா சார் பீரோவின் மறுபக்கத்தில் சாய்ந்துகொண்டு, "பீரோ ஹெவியா கீது, ஆள் பத்தாது" என்று அன்றைக்குத் தப்பித்து வந்தார்.

எண்ணூரில் இன்னொரு வீடு. அங்கேயும் மனிதர்கள் யாரும் தடுக்கவில்லை. ஆனால், அந்த வீட்டில் ஒரு வான்கோழி இருந்தது. அது அமீனா சாரைத் தெருமுனை வரை துரத்தி, பின்பக்கத்தில் தன் கருத்தைப் பதிவு செய்தது. அவர் நேராகக் கோர்ட்டுக்குப் போய் 'தடை ஏற்பட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நீதிபதி கூப்பிட்டுக் கேட்டாராம், "யார் தடுத்தது?"

"வான்கோழி, ஐயா."

"வான்கோழி எப்படிய்யா அரசுப் பணியைத் தடுக்கும்?"

"வாரண்ட காட்டுனேன் ஐயா. மதிக்கல."

கோர்ட்டே சிரித்துவிட்டதாம். நீதிபதி மட்டும் சிரிக்காமல், இனிமேல் தடுப்பவருக்கு இரண்டு கால் இருக்க வேண்டும் என்று எச்சரித்தாராம். "வான்கோழிக்கும் ரெண்டு காலுதான் ஐயா" என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டதாக என்னிடம் சொன்னார். எத்தனை விழுக்காடு நம்புவது என்பது உங்கள் பாடு.

மீனவர் குப்பம் ஒன்றில் கடன் பாக்கிக்காகச் சாமான்களை ஜப்தி செய்யப் போன கதையும் உண்டு. தொழில் கருவிகளை ஜப்தி செய்யக் கூடாது என்பது சட்டம். வலை தொழில் கருவி. சரி. ஐஸ் பெட்டி தொழில் கருவி. அதுவும் சரி. எதிர்த்தரப்பு ஆள் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியைக் காட்டினான். அமீனா சார் அந்த வீட்டு அம்மாவை ஏக்கத்தோடு பார்த்தார்.

"புயல் எச்சரிக்கைலாம் அதுலதானே சார் பாப்போம்" என்றது அந்த அம்மா.

"தொழில் கருவி!" என்று அறிவித்துவிட்டு, செருப்பை மாட்டினார்.

சூரியனும் அவருக்குத் தோஸ்து. குடியிருக்கும் வீட்டுக்குள் பொழுது சாய்ந்த பிறகு அமீனா நுழையக் கூடாது. அதனால் மணலிப் பக்கம் வாரண்ட் என்றால், எந்த நேரத்தில் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நிற்குமோ, அந்த நேரம் பார்த்துக் கிளம்புவார். உரிமையாளர்கள் காரை அனுப்பினால் ஏற மாட்டார். "அரசு ஊழியன் ஒன் காருல குந்திகினு வந்தா, பதவி துஷ்பிரயோகம்!" என்று சொல்லிவிட்டு, லாரிகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் சாய்ந்து தூங்குவார்.

இந்தப் 'பதவி துஷ்பிரயோகம்' அவருக்கு வேதவாக்கு. தோளில் பாட்டில் தொங்கியது அதனால்தான். யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். டீக்கடையில் யாராவது டீ சொன்னால் எழுந்து போய்விடுவார். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி அமுதா மோர் கொடுத்தாள். மறுத்துவிட்டார்.

"நாங்க என்ன சார் கோர்ட் கேஸா?" என்றாள் அமுதா.

"இப்போ இல்லமா. நாளிக்கி ஒங்க வூட்டுக்கே வாரண்ட் வந்துச்சுன்னா, குடிச்ச மோரு என் கைய புடிக்குமே."

அவர் சொன்னது சாதாரணமாகத்தான். ஆனால் நாங்களும் வாடகை வீடு. அன்றிலிருந்து அவர் எங்கள் தெருவில் திரும்பினாலே நான் பிரஷர் மாத்திரையைத் தேடுவேன். நான் அப்படிப்பட்டவன். மகள் யமுனா கல்லூரியிலிருந்து வர கால் மணி நேரம் தாமதமானால், அவளுடைய தோழிகளுக்கு மட்டுமல்ல, தோழிகளின் அம்மாக்களுக்கும் போன் போடுகிறவன்.

இனி சொல்லப்போவது எங்கள் தெருவிலேயே நடந்தது.

எங்கள் எதிர்வீட்டில் நூர்ஜஹான் அக்கா குடியிருந்தார். இடியாப்பம் பிழிந்து வீடுகளுக்குக் கொடுப்பவர். நானும் அமுதாவும் வேலைக்குப் போய்விடுவதால், சின்ன வயதில் யமுனா பள்ளி விட்டு வந்து புத்தகப் பையை எறிந்ததும், படுத்துத் தூங்கியதும், முதல் பல் விழுந்ததும் அக்கா வீட்டில்தான். அந்த வீட்டை உரிமையாளர் விற்க நினைத்தார். வழக்கு நடந்தது. தீர்ப்பு அக்காவுக்கு எதிராக வந்துவிட்டது. அக்காவின் மகளுக்கோ ப்ளஸ் டூ பரீட்சை நேரம்.

அமீனா சார் முதலில் வந்தபோது அக்காவே கத்தினார். தடை ஏற்பட்டது. அடுத்த முறை கண்டெய்னர் லாரிகள் காப்பாற்றின; அவருடைய பஸ் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மகள் பரீட்சை எழுதி முடித்தாள். அக்கா வேறு வீடு தேடிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் ஒன்று கிடைப்பதுபோல் இருந்தது. இன்னும் சில வாரங்கள் வேண்டும்.

உரிமையாளரின் வக்கீல் விவரமானவர். இந்த முறை போலீஸ் பாதுகாப்புக்கும் சேர்த்து உத்தரவு வாங்கிவிட்டார். ஒரு மத்தியானம் அமீனா சார், வக்கீல், சுத்தியலோடு பூட்டு உடைக்கும் ஆள், இளம் எஸ்.ஐ. ஒருவர், இரண்டு காவலர்கள் என்று தெருவே நிறைந்துவிட்டது. சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். அக்கா அந்தப் பக்கத்துத் தெரு வீட்டைப் பேசி முடிக்கப் போயிருந்தார். கதவில் பூட்டு.

அமீனா சார் வாரண்டைப் படித்தார். பிறகு வழக்கம்போல் குரலை இறக்கினார். "யாராவது..."

தெருவில் ஒருவரும் அசையவில்லை. போலீஸ் நிற்கும்போது யார் அசைவார்கள்? நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால், யமுனா வீட்டில் இல்லை. எதிர்வீட்டு வாசலில் நிற்கிறாள்.

"இந்த வீட்டைத் திறக்கக் கூடாது!" அவள் கத்தியது எனக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது.

அமீனா சாரின் முகம் வெளுத்தது. வாழ்நாள் முழுக்க யார் வருவார் யார் வருவார் என்று ஏங்கிய மனிதர், வந்தவளைப் பார்த்துப் பதறிப்போனார். "பாப்பா, நீ இல்ல. நீ வூட்டுக்குப் போ. நீ வேணாம்."

"நீங்கதானே சார் எப்பவும் கேப்பீங்க!"

"அது வேற ஆளுங்கள கேப்பேன். நீ படிக்கிற பொண்ணு, போ பாப்பா!"

வக்கீல், "உடைப்பா" என்றார். சுத்தியல் உயர்ந்தது. யமுனா இரண்டு கைகளாலும் பூட்டைப் பொத்திக்கொண்டாள். "கை! பாப்பா, கை!" என்று அலறிக்கொண்டு அமீனா சார் சுத்தியலுக்கும் அவள் விரல்களுக்கும் நடுவே பாய்ந்தார். கண்ணை இறுக மூடியிருந்த யமுனா, யாரோ தன்னை இழுக்கிறார்கள் என்று நினைத்து, பலம் கொண்ட மட்டும் தள்ளினாள். அவர் படியிலிருந்து மல்லாந்து விழுந்தார். கண்ணாடி நொறுங்கியது. நெற்றியில் ரத்தம்.

கை வைத்துவிட்டாள். வேற செக்‌ஷன்.

ஸ்டேஷனில் பெண் காவலர் பக்கத்தில் யமுனா உட்கார்ந்திருந்தாள். அமுதா அவள் கையை விடவே இல்லை. அரசு வேலைக்குப் பரீட்சை எழுத வேண்டும் என்பது அவள் பள்ளி நாளிலிருந்து வளர்த்த கனவு. 'அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் தடுத்தல்' என்ற அந்த ஒரு வரி பேப்பரில் எத்தனை முறை என் கண்ணில் பட்டிருக்கிறது! அது என் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும் என்று நினைத்ததே இல்லை.

எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. என்னிடம் மெதுவாகவே சொன்னார். "சார், அடிபட்டவர் அவர். அவர் எழுதிக் குடுக்கறதுலதான் எல்லாம் இருக்கு."

அவரோ நெற்றியில் பிளாஸ்திரியோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் பேப்பரும் பேனாவும் நீட்டினார். "எழுதுங்க சார். தடுத்தாள், தாக்கினாள். ரெண்டு வரி போதும்."

"கண்ணாடி இல்லாம எழுத்து தெரியலயே."

"நான் எழுதறேன். நீங்க கையெழுத்து போடுங்க."

"என் டூட்டிய நீ எழுதுனா பதவி துஷ்பிரயோகம் ஆச்சே. வூட்ல பழைய கண்ணாடி கீது. இட்டாரச் சொல்லு."

ஒரு காவலர் போனார். கண்ணாடி வந்தது. அது சரியில்லை, படிக்கிற கண்ணாடி வேறு, அலமாரி மேல்தட்டில் இருக்கும் என்றார். மறுபடி போனார்கள். டீ வந்தது. மறுத்துவிட்டார். பாட்டிலைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்தார். நடுநடுவே ஜன்னலைப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மகளின் தலைமேல் கத்தி தொங்குகிறது, இந்த மனுஷன் அண்ணாந்து பார்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாரே!

சரியான கண்ணாடி வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் சிவந்து, மங்கிக்கொண்டிருந்தது. அவர் பொறுமையாகத் துடைத்து மாட்டினார். எழுதினார். எஸ்.ஐ. வாங்கிப் படித்தார். நிமிர்ந்தார்.

"சார், என்ன எழுதியிருக்கீங்க? 'என்னை யாரும் தடுக்கவில்லை'யா?"

"ஆமா."

"நாங்க அத்தனை பேரும் பார்த்தோம். பொண்ணு தள்ளினா."

"நீங்க பாத்தவங்கோ. நான் வுழுந்தவன். எப்பிடி வுழுந்தேன்னு வுழுந்தவனுக்குத் தெரியாதா? படில பாசி. கால் வழுக்கிச்சு. அந்தப் பொண்ணு என்ன தூக்க வந்துச்சு."

வக்கீல் எழுந்துவிட்டார். "சரி. யாரும் தடுக்கலன்னா, வாங்க. இப்பவே போய் வீட்டைத் திறங்க!"

அமீனா சார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "சூரியன் பூட்டாரே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அலமாரி மேல்தட்டின் மர்மம்.

வக்கீலுக்கு முகம் கறுத்தது. விரலை நீட்டினார். "இது பதவி துஷ்பிரயோகம். கோர்ட்ல எழுதிக் குடுக்கறேன், பாருங்க."

வான்கோழி கொத்தியபோதும் சிரித்த மனிதர், அந்த வார்த்தையைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டிலின் மூடியைத் திருகினார், திருகினார், அது முன்பே மூடித்தான் இருந்தது.

எஸ்.ஐ. அந்தக் காகிதத்தை இன்னொரு முறை படித்தார். யமுனாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பொண்ணைக் கூட்டிட்டுப் போங்க சார். சாப்பிட வைங்க" என்றார்.

வாரண்டின் கெடு அன்றோடு முடிந்திருந்தது; புதிது வாங்குவதற்குள் நூர்ஜஹான் அக்காவுக்கு வேண்டிய சில வாரங்கள் கிடைத்தன. பக்கத்துத் தெருவுக்குக் குடிபோன அன்று, அமீனா சார் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை. அக்காவின் இடியாப்பக் கொப்பரையை அவரே ஒரு கை பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். ஒரு தலையணைகூடத் தரையைத் தொடவில்லை.

வக்கீல் சொன்னபடியே எழுதிக் கொடுத்திருந்தார். அமீனா சார் ஓய்வு பெறவிருந்த நேரத்தில் விசாரணை வந்தது. ஓய்வு பெறும் நாளில் மற்றவர்களுக்கு மாலை போடுவார்கள். இவருக்கு மெமோ கொடுத்தார்கள். கண்டிப்போடு முடிந்துவிட்டது என்றாலும், வழியனுப்பு விழா நடக்கவில்லை. பென்ஷன் விஷயமாக அவர் கோர்ட்டுக்குப் போன ஒருநாள், பஸ்ஸில் நான் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவரே சொன்னார்: "இத்தினி வருசம் பதவிய நான் தப்பா யூஸ் பண்ணதே இல்ல நைனா. சரியாச் சொன்னா, யூஸே பண்ணல. ஒரே ஒரு தபா பண்ணேன். அத்தான் துஷ்பிரயோகம்னுட்டாங்கோ." கொஞ்ச தூரம் போனதும், "பாப்பா பரீட்சைக்குப் படிக்குதா?" என்றார்.

படிக்கிறாள். நான்தான் இன்னும் தேறவில்லை. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து போய் அவள் அறையில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அமீனா சார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்றவர், ஆனாலும் தோளில் பாட்டில். பழக்கம். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு வாசனை வந்ததும் வழக்கம்போல் எழுந்தார். வாசல் வரை போனவர் நின்றுவிட்டார். நிலைப்படியில் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு யமுனா நின்றிருந்தாள்.

"சாப்பிடாம போக விடமாட்டேன் சார்."

"பாப்பா, வழிய வுடு."

"கை வைக்கல. குறுக்கதான் நிக்கறேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உதவிக்குப் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு தோளிலிருந்து பாட்டிலை இறக்கிக் கதவோரம் வைத்துவிட்டு, இலைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"தடுத்துட்டாங்கப்பா" என்றார், யாருக்கோ ரிப்போர்ட் கொடுப்பதுபோல். அமுதா வைத்த தண்ணீரை எடுத்து, டம்ளர் காலியாகும் வரை குடித்தார்.